மணற்குழந்தையும் பாகப்பிரிவினையும்

ஆணுடையில் மறைந்து வாழும் பெண்ணின் கதை அரபு இலக்கியத்துக்குப் புதிதன்று. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் இளவரசி புதூர், காணாமற்போன கணவன் கமருஸ் ஸமானின் ஆடையை அணிந்து, அவனாகவே நடித்துக் கருங்காலித் தீவுகளின் ஆட்சியைப் பெறுகிறாள். அதே தொகுப்பில் ஸுமுர்ருத் என்னும் அடிமைப்பெண் கள்வனிடமிருந்து ஆணுடையில் தப்பி, ஓர் ஊரின் வாயிலை அடைந்த மாத்திரத்தில் அவ்வூருக்கே அரசனாக்கப்படுகிறாள். வாகிதீயின் பெயரால் வழங்கும் ‘ஃபுதூஹுஷ் ஷாம்’ நூலில், சிறைப்பட்ட சகோதரர் ளிராரை மீட்க முகத்தை மூடிக்கொண்டு களம் புகுந்த கவ்லாவைக் கண்ட வீரர்கள், அவரைக் காலித் பின் வலீத் (ரலி) என்றே எண்ணினர் எனும் செய்தி இடம்பெறுகிறது. அந்நூல் இன்று கிடைக்கும் வடிவில் பிற்காலத்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும், அக்கதை முஸ்லிம் உலகெங்கும் விரும்பிக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது.

இம்மூன்று கதைகளுக்கும் பொதுவான கூறுகள் இரண்டு. வேடத்தை அப்பெண்ணே தேர்ந்துகொள்கிறாள் என்பது ஒன்று. வேண்டிய பயன் கிட்டியதும் வேடம் கலைகிறது என்பது மற்றொன்று. கணவன் கிடைக்கிறான், சகோதரன் மீள்கிறான், திரை விலகுகிறது, கேட்போர் மகிழ்கின்றனர். வேடம் இங்கே ஓர் உபாயமே தவிர வாழ்க்கையன்று.

மொரோக்கோ எழுத்தாளர் தாஹிர் பின் ஜல்லூன் பிரெஞ்சு மொழியில் எழுதி 1985-இல் வெளியான ‘மணற்குழந்தை’ என்னும் நாவல் இவ்விரு கூறுகளையும் தலைகீழாக்குகிறது. அதன் தொடர்ச்சியான ‘புனித இரவு’ 1987-இல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் விருதைப் பெற்றது. மக்ரிப் நாட்டவர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இரண்டு நாவல்களும் அரபியில் பெயர்க்கப்பட்டுள்ளன. இரண்டாவதன் அரபுத் தலைப்பு ‘லைலதுல் கத்ர்’ என்பதாகும். நாம் படித்தது அவ்வரபுப் பெயர்ப்புகளையே.

கதையும் காலமும்

மொரோக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது. அவ்வாட்சி 1912-இல் தொடங்கி 1956-இல் முடிந்தது. செல்வமிக்க கைவினைஞர் ஹாஜி அஹ்மதுக்கு ஏழும் பெண்மக்கள். அவருடைய சகோதரர்களோ ஆண்மக்களைப் பெற்றவர்கள். தமையனின் சொத்தில் தமக்கு வரப்போகும் பங்கை எதிர்பார்த்திருப்பவர்கள். எட்டாவது முறை மனைவி கருவுற்றபோது அவர் ஒரு முடிவெடுக்கிறார்: பிறப்பது பெண்ணாயினும் அது ஆண்பிள்ளையே. மனைவியும் முதிய மருத்துவச்சி ஒருத்தியும் இரகசியத்தில் பங்காளிகளாகின்றனர். குழந்தை பெண்ணாகப் பிறக்கிறது. அஹ்மத் என்று பெயரிடப்படுகிறது.

நாளிதழில் விளம்பரம் வெளியாகிறது. அதன் முடிவில் மொரோக்கோ வாழ்க என்று ஒரு முழக்கம். அது பிரெஞ்சுக் காவல்துறைக்கு உவப்பாக இல்லை. தேசத்தின் விடுதலையை விரும்பும் அதே மனிதர் தம் வீட்டுக்குள் ஒரு குழந்தையின் விடுதலையைப் பறித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நாவல் உரக்கச் சொல்லவில்லை. விளம்பரத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கத்னாச் சடங்கும் நடைபெறுகிறது. தந்தை தம் விரலை வெட்டி இரத்தம் காட்டுகிறார். மகள் வளர வளர மார்பு துணியால் இறுகக் கட்டப்படுகிறது. தாயுடன் பெண்கள் குளியலகத்துக்குச் சென்ற குழந்தை, வயது வந்ததும் தந்தையுடன் ஆண்கள் குளியலகத்துக்குச் செல்கிறது, பள்ளிவாசலுக்குச் செல்கிறது, கடையில் அமர்கிறது. வாலிபத்தில் அஹ்மத் தாமாகவே மேலும் ஓரடி வைக்கிறார். வலிப்பு நோயால் வருந்தும் தம் தந்தைவழி உறவுப்பெண் ஃபாத்திமாவை மணமுடிக்கிறார். ஷரீஅத்தின் பார்வையில் திருமணமே ஆகாத அந்த ஒப்பந்தத்துக்குள், வீட்டாரால் ஒதுக்கப்பட்ட அவள் உண்மையை அறிந்தே வாழ்ந்து மடிகிறாள். நாவலில் நம்மை மிகவும் வருத்தியவள் அவளே. பொய்யின் உள்ளே அகப்பட்ட இரண்டாவது மகள் அவள்.

பின்னர் தந்தை இறக்கிறார். அஹ்மத் குடும்பத் தலைவராகிறார். ஆணுக்கு இரு பெண்களின் பங்கு என்னும் இறைவசனத்தைச் சகோதரிகளுக்கு எடுத்துரைத்து அதிகாரம் செலுத்துகிறார். அதன் பிறகு உடலும் உள்ளமும் பொய்க்கு எதிராகக் கிளர்ந்தெழ, அவர் அவளாகி வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவள் கதி என்னவாயிற்று என்பதைக் கதைசொல்லிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உரைக்கின்றனர்.

இஸ்னாத் இல்லாத செய்தி

நாவல் சொல்லப்படும் முறை அரபுக் கல்வி பெற்றோருக்குத் தனிச்சுவை தருவது. மராகிஷ் நகரின் ஜாமிஉல் ஃபனா போன்ற சதுக்கங்களில் மக்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்க நடுவில் நின்று கதை சொல்லும் மரபு ‘ஹல்கா’ எனப்படும். நாவலின் கதைசொல்லி அத்தகையவன். அஹ்மதின் நாட்குறிப்பு தன் கையில் இருப்பதாகக் கூறுகிறான். கூட்டத்தில் ஒருவன் எழுந்து மறுக்கிறான். தான் ஃபாத்திமாவின் சகோதரன் என்றும், இவன் கையில் இருப்பது மலிவுப் பதிப்பான ஒரு குர்ஆன் பிரதியே அன்றி நாட்குறிப்பன்று என்றும் சொல்கிறான். பிறகு கதைசொல்லியே மறைந்துவிடுகிறான். கேட்டோர் மூவர் தத்தம் முடிவுகளைச் சொல்கின்றனர். போர்ஹேயை நினைவூட்டும் புவனோஸ் ஐரிஸ் நகரத்துப் பார்வையற்ற முதியவர் ஒருவரும் வந்து சேர்கிறார்.

ஹதீஸ் கலை பயின்றவர்க்கு இங்கே ஒன்று தோன்றும். அறிவிப்பாளர் ஒருவரை ஒருவர் மறுக்கின்றனர், எவரிடமும் தொடர் இல்லை, ஏடும் ஐயத்துக்குரியது. இக்கதை முழுதும் ‘ளயீஃப்’. ஆனால், ஆசிரியர் இதை வேண்டுமென்றே அமைத்திருக்கிறார் என்பது நம் துணிபு. தன் பெயரால் பேச அனுமதிக்கப்படாத ஒருத்தியைப் பற்றிச் சரியான அறிவிப்பு எங்கிருந்து கிடைக்கும்? அவளைச் சுற்றி ஆண்கள் வட்டமிட்டு நின்று அவள் கதையை அவரவர் விருப்பப்படி முடித்துவைக்கின்றனர். இரண்டாம் நாவலில் அவளே, முதுமையில், தன் வாயால் பேசத் தொடங்குகிறாள். கண்டவரே அறிவிப்பவராகும் அந்த மாற்றம் கலைநயத்துக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. அது நீதியும் ஆகும்.

ஒரு பிழையும் நம் பிழையும்

இனி, நாம் சொல்ல வேண்டிய முதன்மையான செய்திக்கு வருவோம். ‘மணற்குழந்தை’யின் தொடக்கப் பகுதியிலேயே ஓர் இடம் உண்டு. ஆண்வாரிசு இல்லாதவனிடம் மார்க்கம் இரக்கமற்றது என்றும், பெண்மக்களுக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்றும், பெரும்பகுதியைச் சகோதரர்கள் கொண்டுபோவர் என்றும் பொருள்பட அங்கே கூறப்படுகிறது. இது பிழை. சூரா அந்நிஸாவின் 11-ஆம் வசனம், ஆண்மக்கள் இல்லாமல் பெண்மக்கள் மட்டும் இருவரோ அதற்கு மேலோ இருப்பின் அவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு என விதிக்கிறது. ஃபராயிள் பாடத்தின் முதல் மாதத்திலேயே மாணவர் மனனம் செய்யும் செய்தி இது.

பல ஆண்டுகளுக்கு முன் இந்நாவலை முதன்முதலாகக் கையிலெடுத்தபோது அந்தப் பக்கத்தோடு மூடிவைத்துவிட்டோம். பாரிஸ் வாசகரை மகிழ்விக்க மார்க்கத்தைத் திரித்து எழுதும் நூல் என்று வகுப்பிலும் சொன்னோம். மாணவர்கள் குறித்துக்கொண்டனர். நூலை முழுதும் படிக்காமல் அதைப் பற்றித் தீர்ப்புரைத்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்வது கடமை.

நம்மை அந்நூலிடம் திரும்ப அனுப்பியவர் ஒரு வணிகர். மனைவியும் ஐந்து பெண்மக்களும் உடையவர், ஒரே சகோதரர், இருவருக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. தமக்குப் பின் சொத்து எவ்வாறு பிரியும் என்று கேட்டு வந்தார். நாம் தாளில் கணக்கிட்டுக் காட்டினோம்: சொத்தை 24 கூறாக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 3, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டாகிய 16, எஞ்சும் 5 சகோதரருக்கு. அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஹஜ்ரத், அஞ்சு பங்கு போகட்டும். எனக்குப் பொறவு எம் பிள்ளைங்க அவன் வாசல்ல போய் நிக்கணுமே, அதுக்கு இந்தத் தாள்ல என்ன கணக்கு இருக்கு?”

நம்மிடம் விடை இல்லை. அன்றிரவு, முன்பு மூடிவைத்த நாவலை மீண்டும் திறந்தோம்.

சரியான கணக்கு

இப்போது ஹாஜி அஹ்மதின் சொத்தை நாமே பிரித்துப் பார்ப்போம். அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டதாகக் கொள்வோம். சொத்து 72 கூறுகள். உள்ளபடி எட்டுப் பெண்மக்கள் எனில், மனைவிக்கு 9, பெண்மக்களுக்கு 48, அதாவது தலைக்கு 6, சகோதரர்களுக்கு 15. எட்டாவது குழந்தை ஆண் என்ற பொய்யின்படி, மனைவிக்கு அதே 9, எஞ்சிய 63-இல் ‘மகனுக்கு’ 14, ஏழு பெண்மக்களுக்குத் தலைக்கு 7, சகோதரர்களுக்கு ஒன்றுமில்லை.

ஆக, அந்த மாபெரும் பொய்யினால் ஏழு சகோதரிகளும் அடைந்த ஆதாயம் ஆளுக்கு எழுபத்திரண்டில் ஒரு கூறு. எட்டாமவள் அடைந்தது எட்டுக் கூறு. அதற்கு அவள் கொடுத்த விலை அவளுடைய பெயர், உடல், இளமை, தாய்மை அனைத்தும். இந்தக் கணக்கு நாவலாசிரியர் எழுதியதைவிடக் கொடியது. மூன்றில் இரு பங்கு பறிபோகும் என்று அஞ்சியே தந்தை அவ்வாறு செய்தார் எனில், அது ஓரளவு புரிந்துகொள்ளத்தக்க பேராசை ஆகிவிடும். உண்மையில் பறிபோகக்கூடியது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அதற்காக ஒருவர் தம் மகளை இல்லாதவளாக்குவாரா? மாட்டார். எனவே, காரணம் சொத்து அன்று. தமக்குப் பின் அந்த வீட்டில் ‘ஆண்’ என்று சொல்ல ஒருவன் வேண்டும் என்பதே காரணம். சகோதரர்களின் மனைவியர் முன் தலைகுனியக் கூடாது என்பதே காரணம். பாகக்கணக்கு அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட சமாதானம் மட்டுமே.

பிழை ஆசிரியருடையதா, பாத்திரத்தினுடையதா என்ற கேள்வி எழலாம். ஃபராயிள் கல்வியே இச்சமுதாயத்திலிருந்து முதலில் உயர்த்தப்படும் என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது எனினும், அது சொல்லும் நிலையை நாம் நாள்தோறும் காண்கிறோம். எனவே, ஹாஜி அஹ்மத் போன்ற ஒருவர் தம் பெண்மக்களின் பங்கைத் தவறாக அறிந்திருப்பது நடக்கக்கூடியதே. ஆனால், நாவலில் எவரும் அப்பிழையைத் திருத்துவதில்லை. பிரெஞ்சு வாசகர் அதையே மார்க்கத்தின் விதியென எடுத்துக்கொள்வார். இஸ்லாமியப் பின்னணியில் வளர்ந்த ஆசிரியர் அதை அவ்வாறே விட்டது குறையே. அக்குறையை நாம் மறைக்கவில்லை. ஆனால், அதைக் காட்டி நூலையே தள்ளுவோமாயின், நாவல் நம்மிடம் கேட்கும் கேள்வியிலிருந்து தப்பிக்க ஒரு வழி தேடுகிறோம் என்றே பொருள்.

வசனம் அருளப்பட்ட சூழல்

நம்மை வியப்பில் ஆழ்த்திய ஒற்றுமை ஒன்றை இங்கே கூறவேண்டும். உஹுதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்கு இரண்டு பெண்மக்கள். அவர்களுடைய சிறிய தந்தை அறியாமைக்கால வழக்கப்படி சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொருளின்றி இப்பெண்களை யார் மணப்பார் என்று அவர்களின் தாய் இறைத்தூதர் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அதன்பின் வாரிசுரிமை வசனம் அருளப்பட்டது. நபியவர்கள் அந்தச் சிறிய தந்தையை அழைத்து, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டும் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் முதலான தொகுப்புகளில் இச்செய்தி காணப்படுகிறது.

பெண்மக்கள் மட்டுமே உள்ள வீடு. சொத்தின்மேல் கண்வைத்த தந்தையின் சகோதரர். நாவலின் தொடக்கச் சூழலும் வசனத்தின் தொடக்கச் சூழலும் ஒன்றே. அங்கே, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட சிறிய தந்தையின் கையிலிருந்து 24-இல் 19 கூறுகளைப் பெண்களுக்கு மீட்டுத்தர வசனம் இறங்கியது. பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே வசனத்துக்கு அஞ்சி ஒரு தந்தை தம் மகளை மறைக்கிறார். பெண்களைக் காக்க வந்த சட்டம் எவ்வாறு பெண்ணைப் புதைக்கும் காரணமாயிற்று? வசனம் மாறவில்லை. மாறியது அதைச் சூழ்ந்த உறவே.

எஞ்சியது நெருங்கிய ஆண் உறவினருக்கு என்னும் விதி, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் நபிமொழியின் அடிப்படையில் அமைந்தது. தந்தைவழி உறவினர் ஒரே குலமாக வாழ்ந்து, தந்தையற்ற பெண்களுக்கு வலீயாகவும் அரணாகவும் நின்ற அமைப்பில் அப்பங்கு ஒரு பொறுப்பின் மறுபக்கமாக விளங்கியது. நாவலில் வரும் சகோதரர்களோ பொறுப்பை அறியாதவர்கள். பங்கை மட்டும் அறிந்தவர்கள். நம்மிடம் வந்த வணிகர் கேட்டதும் இதைத்தான். பங்கு நிற்கிறது, பொறுப்பு மறைந்துவிட்டது. இதை எந்தத் தாளில் எழுதுவது?

இதற்கு வேடம் விடையாகாது, பொய்யும் விடையாகாது. பெண்கள் ஆண்களைப் போலவும் ஆண்கள் பெண்களைப் போலவும் நடிப்பதை நபிமொழி கடுமையாகக் கண்டிக்கிறது. ஆனால், அக்கண்டனம் முதலில் சென்று சேர வேண்டியவர், தொட்டிலிலேயே அவ்வேடத்தைப் பூட்டிய தந்தை என்பதை மறந்துவிடலாகாது. ஃபிக்ஹு நூல்களில் ‘குன்ஸா’ பாடம் உண்டு. ஆணா பெண்ணா என்று தெளிவாகப் பிரித்தறிய இயலாமல் பிறந்தவரின் உரிமையை இமாம்கள் எத்துணைக் கவனத்துடன் வகுத்துள்ளனர் என்பதை அங்கே காணலாம். படைப்பின் உண்மையை ஏற்று அதற்கேற்பப் பங்கு வகுப்பது அவர்களின் வழி. ஹாஜி அஹ்மதோ பங்குக்கேற்பப் படைப்பை மாற்ற முயல்கிறார்.

ஆகுமான வழி அவருக்குத் திறந்தே இருந்தது. வாழும் காலத்திலேயே தம் பெண்மக்களுக்குச் சமமாக ஹிபா வழங்கியிருக்கலாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடையளித்துவிட்டு அதற்குச் சாட்சி நிற்குமாறு வேண்டிய நுஃமானின் தந்தை பஷீர் (ரலி) அவர்களிடம், பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு நபியவர்கள் கூறினார்கள். அன்றைய நிலையில் ஒரே மகளை உடையவராயிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) தம் செல்வத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பியபோது, மூன்றில் ஒன்றே அதிகம் என்றும், வாரிசுகளைத் தன்னிறைவுடன் விட்டுச்செல்வதே சிறந்தது என்றும் அறிவுறுத்தினார்கள். மகளைத் தன்னிறைவுடன் வைப்பது மார்க்கத்துக்கு எதிரானதன்று, மார்க்கமே அது.

ஆயினும், ஹிபாவுக்கு நிபந்தனைகள் உண்டு. பிற வாரிசை வஞ்சிக்கும் நோக்கம் கூடாது. கொடுத்த பொருள் கொடுத்தவர் உயிருடன் இருக்கும்போதே பெற்றவர் வசமாக வேண்டும். மாலிகீ மரபில் ‘ஹியாஸா’ எனப்படும் இந்நிபந்தனையில்தான் பல கொடைகள் நீதிமன்றத்தில் வீழ்கின்றன. பத்திரத்தை மகள் பெயரில் எழுதிவிட்டுச் சாவியைத் தம் இடுப்பிலேயே வைத்திருக்கும் தந்தையர் நம்மூரிலும் உள்ளனர். துனீசியா 1959-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் மூலம் எஞ்சிய பங்கும் பெண்மக்களுக்கே திரும்பும் என ஆக்கியது. மொரோக்கோ அவ்வழியில் செல்லவில்லை. 2024 டிசம்பரில் அந்நாட்டுக் குடும்பச் சட்டத் திருத்த முன்மொழிவுகள் வெளியானபோது, எஞ்சிய பங்கு பற்றிய விதியை நீக்க உலமாக்களின் உயர்மன்றம் உடன்படவில்லை. மாறாக, தந்தை தம் வாழ்நாளில் பெண்வாரிசுகளுக்கு ஹிபா வழங்கவும், அதில் சட்டவழியிலான உடைமையேற்பு நேரடி உடைமையேற்புக்கு ஈடாகவும் வழி முன்வைக்கப்பட்டது. நாவல் வெளியாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஹாஜி அஹ்மத் வீட்டுப் பிரச்சினை அவருடைய நாட்டின் உயர்மன்றம் வரை வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

இருபத்தேழாம் இரவு

இரண்டாம் நாவல் கட்டுமானத்தில் முதலாவதற்கு ஈடாகாது. வீட்டைவிட்டு வெளியேறியவள்மீது துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கப்படுகின்றன. காட்டில் அவள் இழிவுபடுத்தப்படுகிறாள். கொலை செய்து சிறை செல்கிறாள். சிறையில் சகோதரிகளின் பழிவாங்கலுக்கு ஆளாகி, மொரோக்கோவின் வழக்கில் இல்லாத கொடிய சிதைப்புக்கு உள்ளாகிறாள். இவ்விடங்களில் ஆசிரியர் தம் நாயகியின் வலியைக் காட்டிலும் தொலைவிலிருக்கும் வாசகரின் அதிர்ச்சியையே மிகுதியும் நாடுகிறாரோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. உடல் சார்ந்த வருணனைகள் சிலவும் மிகை. இளம் மாணவர் கையில் இந்நூலை விளக்கமின்றிக் கொடுக்க நாம் துணியோம்.

எனினும், அந்நாவலில் இரண்டு காட்சிகள் உள்ளத்தை விட்டு அகலாதவை. முதலாவது, ரமளானின் இருபத்தேழாம் இரவு. மரணப்படுக்கையிலுள்ள தந்தை மகளை அருகழைக்கிறார். தாம் செய்ததை ஒப்புக்கொள்கிறார், மன்னிப்பை வேண்டுகிறார், அவளை விடுவிக்கிறார், இருபது ஆண்டுகளாக அவளுக்கு இல்லாதிருந்த பெயரைச் சூட்டுகிறார். அப்பெயர் ஸஹ்ரா.

ஆசிரியர் எண்ணி இட்டாரோ அறியோம். முஸ்லிம் வாசகர் செவியில் அப்பெயர் தனியாக ஒலிக்கும். அது அண்ணல் நபியவர்களின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர். நபியவர்களின் ஆண்மக்கள் அனைவரும் இளமையிலேயே இறந்துவிட, பகைவர் அவர்களைச் சந்ததியற்றவர் என ஏளனம் செய்தனர். அதற்கு விடையாகவே சூரா அல்கவ்ஸர் அருளப்பட்டது என விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு மகளின் மூலமே உலகெங்கும் பரவினர். அத்தகைய நபியின் உம்மத்தைச் சேர்ந்த ஒருவர், ஹஜ்ஜும் செய்தவர், ஏழு பெண்மக்களைப் பெற்றிருந்தும் தம்மை வாரிசற்றவர் எனக் கருதினார். இறக்கும் இரவில்தான் சரியான பெயர் அவர் நாவில் வந்தது.

இரண்டாவது காட்சி அடக்கத்தலத்தில் நிகழ்கிறது. தந்தையின் கப்ரைத் தோண்டி, தன்னை ஆணாக்கிய உடைகளையும் சான்றுகளையும் மார்பைக் கட்டிய துணியையும் ஸஹ்ரா அதனுள் புதைக்கிறாள். பெண்பிள்ளை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, இழிவுடன் அதை வைத்திருப்பதா மண்ணில் புதைப்பதா எனத் தடுமாறும் தந்தையைச் சூரா அந்நஹ்ல் சித்திரிக்கிறது. ஹாஜி அஹ்மத் மூன்றாவதொரு வழியைக் கண்டவர்: வைத்துக்கொண்டே புதைத்தவர். எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் விசாரிக்கப்படும் பெண்குழந்தை பற்றிச் சூரா அத்தக்வீர் பேசுகிறது. மூச்சுவிட்டபடியே புதையுண்டவர்களும் அக்கேள்விக்குள் அடங்குவர் என்று நாம் அஞ்சுகிறோம்.

புதூரும் ஸுமுர்ருதும் வேடம் கலைத்தபோது கேட்டோர் மகிழ்ந்தனர். ஸஹ்ராவின் வேடம் கலைந்தபோது மகிழ்வதற்கு எவரும் இல்லை. பழங்கதைகளுக்கும் இந்நாவலுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுவே. பழங்கதையில் ஆபத்து வெளியே இருந்தது, வீடு திரும்பினால் போதும். இங்கே ஆபத்து வீட்டுக்குள் இருந்தது.

அந்த வணிகர் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தார். வீட்டையும் கடையையும் ஐந்து பெண்மக்களுக்கும் எவ்வாறு சமமாக, முறையாகக் கொடுத்து ஒப்படைப்பது என்று கேட்டார். சொன்னோம். தம்பிக்குச் சேர வேண்டியதைத் தடுக்கும் எண்ணம் கூடாது என்பதையும் சொன்னோம். சிறிது தயங்கி, வயல் ஒன்றை அப்படியே விட்டுவைப்பதாகவும், அதில் தம்பிக்கு உள்ளது தம்பிக்கே போகட்டும் என்றும் சொன்னார். பிறகு, இரண்டாவது மகளை உடன் அழைத்துக்கொண்டு, பத்தாண்டுகளாக மிதிக்காத தம்பியின் வாசலுக்குத் தாமே சென்று வந்ததாகவும் கூறினார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

வகுப்பில் அன்று குறித்துக்கொண்ட மாணவர்கள் இன்று பல ஊர்களில் இமாம்களாக உள்ளனர். இக்கட்டுரை அவர்கள் பார்வைக்கும் செல்லும் என நம்புகிறோம். ‘மணற்குழந்தை’யில் ஒரு பிழை உண்டு, அதைத் திருத்தியே படியுங்கள். ஆனால், முழுவதும் படியுங்கள்.